சந்தனக் கச்சேரியில் பத்துக்குப் பன்னிரண்டு

என் மகள் என்னை முதன்முதலாக "நர்சம்மா" என்று கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை. ஒடுகத்தூரில் அக்கா வீட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தோள்பையோடு வந்து நின்றதும் தலையை உள்பக்கம் திருப்பி, "அம்மா, நர்சம்மா வந்துகிறாங்க" என்று கத்தினாள். அம்மா என்றது என் அக்காவை. நர்சம்மா என்றது பெற்றவளை. எனக்கு வலித்தது, கூடவே கோபமும் வந்தது. எந்த உணர்ச்சி வந்தாலும் எனக்கு அது கோபத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் வரும். பிறவிக் குணம்.

எழுபதுகளின் கடைசி அது. அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் அவள் அப்பா போய்விட்டார். நான் நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். முடித்ததும் ஜவ்வாது மலையில் வேலை போட்டார்கள். இரண்டு பஸ் மாறி மலையேறி, ஜமுனாமரத்தூர் போகும் ரோட்டில் பாதியில் இறங்கி, ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற ஊர். முப்பது நாற்பது வீடுகள். சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள், புளியும் கடுக்காயும் பொறுக்கிக் கீழே அனுப்புவார்கள். தங்க இடம் இல்லாத ஊருக்குச் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? அக்காவிடம் விட்டேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருடம் என்று சொல்லி விட்டது, இரண்டைத் தாண்டியிருந்தது.

அன்றைக்கு அக்காவிடம் சண்டைக்கு நின்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"புள்ள மேல இன்னா தப்பு? ஊரே ஒன்ன அப்டித்தான் கூப்புடுது. அதுவும் கூப்புடுது."

"நீ சொல்லித் திருத்தலாம் இல்ல?"

"திருத்தலாம்." முறத்தைக் கீழே வைத்தாள். "வர்ற ஜூன்ல ஸ்கூல்ல சேக்கணும். அப்பா அம்மா பேரு கேப்பாங்க. எங்க பேரையே குடுத்துடலாமான்னு ஒங்க மாமா கேக்குறாரு."

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அக்கா அசையவில்லை.

"கத்தாத. புள்ளைய வச்சிக்க ஒனக்கு ஒரு வூடு கீதா? எங்கெங்கியோ படுத்து எழுந்திருக்கிற. மழை, குளிரு, கரடின்னு நீயே சொல்ற. கதவு வச்ச வூடு ஒண்ணு எனக்குக் காட்டு. மறுபேச்சு இல்லாம நானே கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன். காட்டலன்னா ஜூன்ல எங்க பேரு."

பொங்கல் முடிந்த வாரம் அது. எனக்கு ஐந்து மாதம் இருந்தது. அக்கா கெட்டவள் இல்லை, சொன்ன சொல்லை மாற்றாதவள். அதனால்தான் பயமாக இருந்தது.

அப்போது நான் மலையில் படுத்து எழுந்தது பள்ளிக்கூடத்து ஒற்றை அறையில். சாயங்காலம் பிள்ளைகள் போனபின் பலகையை ஓரம் தள்ளிப் பாயை விரிப்பேன், காலையில் மணி அடிக்குமுன் சுருட்டுவேன். அதற்கும் முன்னால் ஊருக்குள்ளேயே, பெரியதனக்காரர் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தேன். பெரியதனக்காரர் என்றால் அந்த ஊரில் வழக்குத் தீர்த்து வைப்பவர், நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான். நல்ல மனிதர். அந்த அறையிலிருந்து வெளியேறியது என் தப்பால்.

அந்த ஊரில் பெண்கள் மாதத்தில் தூரமாகிற நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. ஊர் எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் குடிசை உண்டு, அங்கே போய்விட வேண்டும். பிள்ளை பெற்றவளும் அங்கேதான். இந்தச் சட்டம் வெளியூர் நர்சுக்கும் உண்டு. நான் போகவில்லை, மறைத்தேன். மறைக்கத் தெரியாதா நர்சுக்கு என்ற திமிர். நான்கு மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் கிணற்றடியில் துவைத்த துணியைப் பார்த்து ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். யாரும் சண்டை போடவில்லை. வீடு முழுவதையும் சாணம் போட்டு மெழுகி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பெரியதனக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, "வேற எடம் பாத்துக்குங்க நர்சம்மா" என்றார். அதன்பின் எந்த வீட்டுக் கதவும் எனக்கு இல்லை. வைத்தியம் பார்க்க வரலாம், தங்க வேண்டாம்.

ஆகவே ஊருக்குள் வீடு கிடைக்காது. மிச்சம் இருந்தது சந்தனக் கச்சேரி என்று ஊரார் சொல்லும் பழைய ஆபீஸ் ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் சந்தனக் கட்டைகளை எடை போட்டுப் பூட்டி வைத்த கட்டடம். எல்லைக் கல்லைத் தாண்டி, பெண்களின் குடிசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. நீளமாக மூன்று அறை. கூரை எப்போதோ விழுந்துவிட்டது. முன்னறையில் உண்ணிச்செடி, நடு அறையில் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலமரம், சாய்ந்து கிடந்த உத்தரங்கள், உடைந்த ஓடுகள். கடைசி அறை மட்டும் கொஞ்சம் மானத்தோடு இருந்தது. அதுதான் கட்டைகளைப் பூட்டிய அறை. சுவர் இரண்டு முழ கனம், உயரத்தில் கம்பி வைத்த ஒரே ஜன்னல், கதவு இருந்த இடத்தில் ஓட்டை. மழை பெய்தால் அங்கே சந்தன வாசனை அடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அடித்ததெல்லாம் வௌவால் புழுக்கை நாற்றம்தான்.

யூனியன் ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் நல்லவர், எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடம் எந்தக் கணக்கிலும் இல்லையே என்றார். நான் எழுதிக்கொண்டு போன விண்ணப்பத்தில் மேலதிகாரி, சொந்தச் செலவில் பழுது பார்த்துக் குடியிருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினேன். வீடே கட்டி முடித்த தைரியம் வந்துவிட்டது.

எப்படிக் கட்டுவது என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் பட்டணத்துச் சமையலறைப் படம் ஒன்று வந்திருந்தது. நின்றுகொண்டு சமைக்கும் மேடை, சுவருக்குள் அலமாரி, புகை மேலே போகக் குழாய். குனிந்து ஊதாங்குழல் ஊதி வளர்ந்தவள் நான். என் மகளுக்கு அப்படி ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. மூன்று அறையையும் கட்ட முடியாது. ஒரே அறை போதும், அதில் எல்லாம் இருக்க வேண்டும்.

அறையின் அளவை நான் தீர்மானிக்கவில்லை, கரையான் தீர்மானித்தது. நடு அறையில் விழுந்து கிடந்த உத்தரங்கள் எல்லாம் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தன. நல்ல பக்கம் மட்டும் வெட்டினால் பத்தடிக்குக் கொஞ்சம் மேல் தேறும். கடைசி அறையை நூல் பிடித்து அளந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. பத்தடி அகலத்துக்குக் குறுக்கே அந்த மரங்கள் எட்டும். பாயில் படுத்து மனத்துக்குள் அந்த அறையை நூறு முறை பிரித்து அடுக்கினேன். ஒரு பெரியவள், ஒரு சின்னவள், ஓர் அடுப்பு, மருந்துப் பெட்டி.

முதலில் ஒடுகத்தூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தேன். சிமெண்ட் மூட்டையைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான்கு நாளில் உள்சுவர் முழுக்க வழவழவென்று பூசிவிட்டு, குளிர் தாங்கவில்லை என்று இறங்கிப் போய்விட்டார். மாசி முடிவில் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் பூச்சு முழுதும் தோல் உரிந்து தரையில் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அவரைச் சந்தையில் பிடித்து நிறுத்தினேன். "சுவர்ல உயிர் இல்லம்மா, நான் இன்னா பண்ணட்டும்" என்றார். "உயிர் இல்லாம நூறு வருஷமா நிக்குது, ஒங்க பூச்சுதான் ஒரு மழைக்கு நிக்கல" என்றேன். சந்தையே சிரித்தது. சிரித்து என்ன, இரண்டு மாதம் போயிருந்தது.

கோபத்தில் திரும்பி வந்து அந்தச் சுவரின் ஓர் உடைப்பில் ஆணியால் குத்திக்கொண்டே இருந்தேன். பழைய சாந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. இரும்பாக இருந்தது. அதன் நடுவில் ஒரு கொட்டை பதிந்திருந்தது. மலையில் ஒரு வருடம் இருந்த எவருக்கும் அது தெரியும். கடுக்காய்க் கொட்டை. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துத்தான் இந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஒடுகத்தூரில் கிடைக்கும், கடுக்காய் காலில் இடறும். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சுவர் பூசினால் மட்டும் வீடாகிவிடாது. கூரை வேண்டும். கூரைக்கு ஆள் வேண்டும்.

அந்த ஊரில் கூரைக்குக் கூலி கிடையாது. வீடு போடுகிறவர் முதல் நாள் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் விடியும்போது வீட்டுக்கு ஒரு ஆண் வந்து நிற்பான். பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிடும். எல்லோருக்கும் சாமைச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். நானும் கவுளி கவுளியாக வெற்றிலை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வீட்டிலும் எடுக்கவில்லை. தட்டு தட்டாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நேராகப் பெரியதனக்காரரிடம் போனேன்.

"அது பொம்பளைங்க பக்கம் நர்சம்மா" என்றார். "எல்லைக் கல்லுக்கு அந்தாண்ட. எங்க ஊரு ஆம்பளைங்க கால் அங்க படக்கூடாது. பட்டா சாமிக்கு ஆவாது."

"கொத்தனார் வந்தாரே?"

"அவரு சாமி வேற."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரத்தம் என்றால் என்ன, கர்ப்பப்பை என்றால் என்ன என்று நடுத்தெருவில் நின்று பாடம் நடத்தினேன். ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெரியதனக்காரர் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"பேசிப் பாத்தேன். ஒரு வழி கீது. அந்தக் குடிசையப் பிரிச்சி ஓடைக்கு அந்தாண்ட போட்டுடலாம். எல்லைக் கல்லையும் நகத்தி நட்டுடறோம். அப்போ கச்சேரி ஊருக்குள்ள வந்துடும். ஒரே நாள்ல கூரை ஏத்திக் குடுத்துடறோம். அந்த நாளுங்கள்ல நீங்களும் ஓடைக்கு அந்தாண்ட போய்டணும், அவ்ளோதான்."

நான் உடனே சரி என்றேன். யோசிக்கவே இல்லை. பங்குனி பாதியாகிவிட்டது. ஒரே நாளில் கூரை. என் கண்ணுக்கு ஓடை தெரியவில்லை, ஜூன் மட்டும்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அந்தச் செய்தியைச் சொல்லக் குடிசைக்குப் போனேன். மூன்று பெண்கள் இருந்தார்கள். பெரியதனக்காரரின் மருமகள், இன்னொருத்தி, ஆறு நாள் முன்னால் நான் பிரசவம் பார்த்த ஒரு தாய். குழந்தைக்குத் தொப்புள் இன்னும் காய்ந்து விழவில்லை. நான் சொல்லி முடித்தேன். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. மருமகள் எழுந்து, கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, பழந்துணியைச் சும்மாடு சுற்ற ஆரம்பித்தாள்.

"எப்போ போவணும்?" என்றாள்.

ஓடைக்கு அப்பால் காடு. கரடி தண்ணீர் குடிக்க வருகிற இடம். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டி யாரும் கூப்பிடு குரலுக்கு ஓடி வர முடியாது, நான் உட்பட. என் பிள்ளையைக் கரடிக்குப் பயந்து மலைக்குக் கூட்டி வராதவள், இன்னொருத்தியின் ஆறு நாள் பிள்ளையை அங்கே அனுப்பச் சம்மதித்துவிட்டு வந்து நிற்கிறேன். முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. வெட்கத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"போட்டது போட்டபடி இருக்கட்டும், பானைய அடுப்புல வை" என்று சொல்லிவிட்டு ஊருக்குள் ஓடினேன்.

"வேணாங்க ஐயா" என்றேன் பெரியதனக்காரரிடம். "குடிசை அங்கயே இருக்கட்டும்."

"அப்போ கூரை?"

"நான் பாத்துக்கறேன்."

"எப்டி பாத்துப்பீங்க?"

"தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

மறுநாள் காலை கச்சேரியில் ஒற்றையாக நின்று கற்களைப் பொறுக்கி ஓரம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"கல்ல அப்டித் தூக்குனா இடுப்பு போய்டும் நர்சம்மா. நகருங்க."

பெரியதனக்காரரின் மருமகள். நெட்டையான பெண், நாக்கும் நீளம். என்னைத் தோளால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, கல்லைத் தொடையில் ஏற்றி, அப்படியே எழுந்தாள்.

"நீ ரெஸ்ட் எடுக்க வேண்டிய நாளு" என்றேன்.

"மூணு நாளு மொட்டு மொட்டுனு ஒக்காந்திருக்கறதுக்குப் பேரு ரெஸ்டா? வயலும் கெடையாது, பொறுக்கவும் போவக்கூடாது. சும்மா ஒக்காந்து பேன் பாத்துக்குனு கீறோம்." கல்லை இறக்கினாள். "எங்கள ஓடைக்கு அனுப்பாம வுட்டீங்க இல்ல. இன்னா பண்ணணும் சொல்லுங்க."

அப்படித்தான் அந்த வீடு எழுந்தது. குடிசையில் எந்த நாளிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். மூன்று நாள் முடிந்து குளித்து ஊருக்குள் போகிறவள், அடுத்து வருகிறவளிடம் எதுவரை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவாள். வயிற்றுவலிக்காரிகளை நான் மரத்தடியில் உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தேன். அவர்கள் அங்கிருந்தே மேஸ்திரி வேலை பார்த்தார்கள். எதையும் ஆரம்பித்தவளே முடிக்கவில்லை, அடுத்து வந்தவள்தான் முடித்தாள். இரண்டு மாதத்தில் அந்த ஊரில் வயது வந்த பெண்களில் பாதிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைத்துவிட்டார்கள்.

சுண்ணாம்பு கீழிருந்து பஸ் கூரையில் வந்தது. நடுவறையில் குழி வெட்டி நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஓடை மணலும் சேர்த்து, காலால் மிதித்து, உலக்கையால் இடித்தோம். பழைய எடைக் கல் ஒன்று புதருக்குள் கிடந்தது. எடை போடுமுன் கட்டைகளை வைக்கிற அகலக் கருங்கல். ஆறு பேர் உருட்டி வந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினோம். அதுதான் என் சமையல் மேடை. அடி தட்டிய பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாந்து பூசிப் புகைக்குழாய் ஆக்கினேன். இரண்டு முழச் சுவரைக் கொஞ்சம் குடைந்தால் இடத்துக்கு என்ன பஞ்சம்? மருந்துக்கு ஒரு மாடப்பிறை, துணிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. ஒரு பலகையைக் கீல் வைத்து சுவரோடு மாட்டினேன். பகலில் மடக்கிவிட்டால் சுவர், இறக்கினால் கட்டில். அதற்கு மேலே பரண். பக்கத்து அறையின் மூலையை அடைத்துக் கக்கூஸ். கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் அதற்கும் தரைக்கும் சரியாகப் போனது. கக்கூசைப் பார்த்துத்தான் பெண்கள் அதிகம் சிரித்தார்கள். வூட்டுக்குள்ளயேவா என்று ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கூரை நாள் வந்தது. இழுப்பு ரம்பத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுத்து உத்தரங்களை அறுத்தாகிவிட்டது. உடையாத மங்களூர் ஓடுகளைத் தேய்த்துக் கழுவி அடுக்கியாகிவிட்டது. ஆனால் அந்த ஊரில் பெண் கூரையில் ஏறக் கூடாது. வீட்டில் இருக்கும் ஆண்களின் தலைக்கு மேலே பெண் கால் போகக் கூடாது என்பார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இந்த வூட்ல எந்த ஆம்பளை இருக்கப் போறான்?" என்றாள் மருமகள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். குடிசைக்கு வந்து வேலை செய்வது அவளுக்கு அது மூன்றாவது முறை, முதல் கல்லைத் தூக்கியவளும் அவள்தான். மேலே போய் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். "நம்ம ஊரு எம்மாஞ் சின்னதா கீது" என்று சொல்லிவிட்டு, ஓட்டைக் கொடு என்று கை நீட்டினாள். ஓடு இரண்டு நாளில் முடிந்தது. நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் வந்து அடுப்பு மேடையில் விழுந்தது. பழைய தராசு தொங்கிய இரும்புக் கொக்கி அரித்த உத்தரத்தில் இருந்தது. அதைக் கழற்றிப் புது உத்தரத்தில் அறைந்தோம். என் ஸ்பிரிங் தராசை அதில் மாட்டினேன். சந்தனம் தொங்கிய கொக்கியில் அப்புறம் எத்தனையோ குழந்தைகள் துணித்தொட்டிலில் கை காலை உதைத்துக்கொண்டு தொங்கியிருக்கின்றன.

இன்னும் ஒன்று பாக்கி. கதவு. அக்கா கேட்டதே அதைத்தான். என் கையில் இருந்ததெல்லாம் சுண்ணாம்பிலும் கீலிலும் கரைந்துவிட்டது. கீழே தச்சரிடம் கடன் சொன்னேன், ஆவணிக்கு மேல் பார்க்கலாம் என்றார். மே மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் நான் யாரிடமும் பேசவில்லை. பேசினால் எரிந்து விழுவேன் என்று எனக்கே தெரிந்தது.

ஒரு காலை எல்லைக் கல் பக்கம் கூட்டமாகக் குரல் கேட்டது. எட்டு ஆண்கள் எதையோ தூக்கிக்கொண்டு வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் கிடத்தினார்கள். முன்னால் பெரியதனக்காரர். தேக்குக் கதவு, நான்கு விரல் கனம், குறுக்கே இரும்புப் பட்டை. அந்த அறையின் பழைய கதவு! அவருடைய அப்பா காலத்தில் கழற்றிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்கு வைத்திருக்கிறார்கள். கீழ்ப் பக்கம் மாடு உரசி வழவழப்பாகியிருந்தது.

"இங்க வரைக்குந்தான் எங்க கால்" என்றார் அவர். "அப்புறம் ஒங்க பாடு. இத்தப் பொம்பளைங்க தூக்கினு போய்டுவாங்க." கச்சேரிக் கூரையை ரொம்ப நேரம் பார்த்தார். "மேல ஏறுனது எம் மருமவளா?"

மாட்டை இனி எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டேன். "மூங்கில் படல் போதும். மாடு இன்னா தாப்பாவா கேக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நானும் பெண்களும் அதைத் தூக்கி வந்து பழைய ஓட்டையில் நிறுத்தினோம். இழைக்க வேண்டியிருக்கவில்லை, அதன் இடம் அது.

அந்தக் குடிசையை நான் ஒழித்தேன் என்று எழுத ஆசைதான். ஒழிக்கவில்லை. பிரசவங்கள் மட்டும் அதன்பின் சிமெண்ட் தரை போட்ட என் அறையில் நடந்தன, அது எல்லைக்கு வெளியே இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவு.

ஜூன் முதல் சனிக்கிழமை அக்கா வந்தாள். ரோட்டிலிருந்து ஒரு மணி நேரமும் பிள்ளையை இடுப்பிலேயே தூக்கி வந்திருந்தாள். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கதவை இழுத்துப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள். சுவரை முட்டியால் தட்டினாள். பலகையை இறக்கி அதில் உட்கார்ந்து குலுக்கிப் பார்த்தாள். மேடை, பிறை, பரண், கக்கூஸ், ஒன்று விடவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி இது, வூடா பொட்டியா?" என்றாள்.

"பொட்டியா இருந்தா இன்னா. கதவு கீது பாரு."

"கீது" என்றாள். அப்புறம் தன் பையைத் திறந்தாள். மகளின் பாவாடைகள், சட்டைகள், சீப்பு, புளியங்கொட்டை முடிந்த துணி, எல்லாம் மடித்து மடித்து வைத்திருந்தது. ஒன்றுகூட அங்கே விட்டுவைக்கவில்லை. பிறையில் வரிசையாக அடுக்கினாள். குறை கண்டுபிடிக்க அல்ல, பிள்ளையைக் கொடுக்கத்தான் வந்திருந்தாள்.

மத்தியானச் சோறு சாப்பிட்டோம். அக்கா எழுந்தாள். "மூணு மணி பஸ்ஸ புடிக்கணும்." பிள்ளை புரிந்துகொண்டுவிட்டது. ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டது. அக்கா விரல் விரலாகப் பிரித்தெடுத்து என் கையில் திணித்தாள். வெளியே போய் அந்தக் கனமான கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

"தாப்பா போட்டுக்க" என்றாள் வெளியிலிருந்து.

போட்டேன். என் மகள் கதவில் விழுந்து அடித்தாள். "அம்மா, அம்மா" என்று அலறினாள். அந்த அம்மா நான் இல்லை. ஐந்து மாதம் ஒற்றைக் காலில் நின்று நான் சம்பாதித்த கதவு அது, அதில்தான் அவள் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவளை மடியில் இறுக்கிக்கொண்டேன். கடித்தாள், பிராண்டினாள், நர்சம்மா விடு என்றாள். கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் மேடையிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போகும்வரை அழுதாள். பிறகு விக்கல் மட்டும் இருந்தது. பிறகு தூங்கிவிட்டாள்.

அவளைப் பலகையில் கிடத்திவிட்டு, தண்ணீர் எடுக்கலாம் என்று கதவைத் திறந்தேன். அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு போய்ட்டிருக்கும்" என்றாள்.

"போய்ட்டிருக்கும்" என்றேன். "உள்ள வா."

இரண்டு பேருக்கு அளந்து கட்டிய வீடு. அக்காவுக்குப் பரணில் பாய் விரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரமாக இருவரும் காலை நீட்டி உட்கார்ந்தோம். காலும் காலும் இடித்தது. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பொதுவாகச் சொன்னாள்.

"பசிக்குது."

இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ" என்றாள். "ஒன் அடுப்பு."

நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.